கப்பல் கணக்கில் மனிதன்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டில் ஒரு வாள்வீச்சு இரண்டு கேள்விகளாகப் பிரிகிறது. பட்டதா? பட்டது என்றால் எவ்வளவு? முதல் கேள்விக்கு இருபது முகப் பகடை. வரும் எண் எதிரியின் கவச எண்ணை எட்டிவிட்டால் அடி பட்டது. இரண்டாவதற்கு ஆயுதத்துக்குரிய வேறொரு பகடை. அதில் வந்ததை எதிரியின் உயிர்க்கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு ஆட்டக்காரர்கள் சொல்லும் பெயர் ஹிட் பாயிண்ட். இருப்பு பூஜ்யமானால் ஆள் விழுவான். அதுவரை, நாற்பதில் முப்பத்தொன்பது போயிருந்தாலும், சண்டை தொடங்கியபோது இருந்த அதே வேகத்தில் வாள் சுழற்றுவான். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிலைநாட்டிய முறை இது. இதைக் குறை சொல்லாத ஆட்டக்காரர் குறைவு. குறை சொல்லிவிட்டு விட்டொழித்தவர்களும் குறைவே. மனித உடம்போடு ஒட்டாத இந்தக் கணக்கு முதலில் மனித உடம்புக்காகப் போடப்படவில்லை. பட்டாளத்துக்கும் போர்க்கப்பலுக்கும் போட்ட கணக்கு அது.

பட்டாளத்தின் கணக்கு பிரஷ்யாவில் தொடங்குகிறது. ப்ரெஸ்லாவ் நகரத்து அரசு அலுவலரான கேயோர்க் லேயோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் 1812-இல் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியமுக்கு ஒரு பெரிய மேசை செய்து கொடுத்தார். நிலப்பரப்பைக் காட்டும் வார்ப்புத் துண்டுகளை அதன் மேல் விருப்பப்படி அடுக்கி, படைகளுக்கு அடையாளமான கட்டைகளை நகர்த்திப் போர் நடத்தலாம். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் இதையே 1:8000 அளவு வரைபடத்தின் மேல் ஆடும் விளையாட்டாகத் திருத்தி 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். தலைமைத் தளபதி ஃபான் மியூஃப்லிங் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இது வெறும் பொழுதுபோக்கல்ல, அதிகாரிகளுக்கு வேண்டிய பயிற்சி என்று சொல்லிப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். அதன் பெயர் கிரீக்ஸ்ஷ்பீல். ஜெர்மன் மொழியில் போர் விளையாட்டு என்று பொருள்.

கிரீக்ஸ்ஷ்பீலில் இருபது முகப் பகடை கிடையாது, ‘பட்டதா’ என்ற கேள்வியும் கிடையாது. ஐந்து வகைப் பகடைகள் இருந்தன. அவற்றின் முகங்களில் இருந்தவை வெறும் புள்ளிகள் அல்ல. இன்ன தூரத்தில் சுட்டால் இவ்வளவு இழப்பு என்று சொல்லும் எண்கள். நடுவர் பகடையை உருட்டி, வந்த இழப்பை எதிரிப் படையின் புள்ளியிலிருந்து நேராகக் கழிப்பார். அரைப் பட்டாலியன் என்பது 450 பேர், அதற்கு 90 புள்ளி, ஆக ஒரு புள்ளிக்கு 5 பேர். நானூறு துப்பாக்கிகள் ஒன்றாக வெடிக்கும்போது ஏதாவது சில குண்டுகள் படத்தான் செய்யும். ஆகவே எத்தனை என்பது மட்டுமே கேள்வி. தொண்ணூறு அறுபதானால் நூற்றைம்பது பேர் தரையில் கிடக்கிறார்கள், மீதி முந்நூறு பேர் முன்போலவே சுடுகிறார்கள். புள்ளி இங்கே தலைக்கணக்கு. பாதி புள்ளி போன படை பாதி பலத்தோடு சண்டையிடுவதில் முரண் ஒன்றும் இல்லை. பின்னாளில் இதே கழித்தல் ஒற்றை ஆளின் உடம்புக்கு வந்தபோதுதான் சிக்கல் முளைத்தது.

பகடையும் அட்டவணையும் ஆட்டத்தை ஆமை வேகத்தில் நகர்த்துகின்றன என்ற முணுமுணுப்பும் அப்போதே தொடங்கியது. 1876-இல் தளபதி வெர்டி து வெர்னுவா பகடையை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் சொல்லே தீர்ப்பு என்று ஆடும் முறையை முன்வைத்தார். விதிநூலா, நடுவரா என்ற இந்த வழக்கு இன்றைக்கும் எல்லா ஆட்ட மேசையிலும் நிலுவையில் இருக்கிறது.

பொழுதுபோக்காக ஆடியவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ புத்தகத்தில் பகடைக்கு வேலையில்லை. விசை வைத்த பொம்மைப் பீரங்கியில் சிறிய மரத்துண்டைப் போட்டுத் தகரச் சிப்பாய்களை நோக்கிச் சுட வேண்டும். சாய்ந்தவன் செத்தவன். இதில் பட்டதா என்பது மட்டுமே கேள்வி. எவ்வளவு என்பதற்கு இடமே இல்லை. வெல்ஸின் போர் விளையாட்டு பெரியவர்கள் வரவேற்பறைத் தரையில் தவழ்ந்து ஆடியது. அதன் நியாயம் குழந்தைகளின் நியாயம், ஆனால் குழப்பமில்லாத நியாயம்.

இரண்டு கேள்விகளும் சேர்ந்து பிறந்த இடம் கடல். பிரிட்டனில் பிரெட் டி. ஜேன் 1898-இல் வெளியிட்ட கடற்போர் விளையாட்டில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு படம் உண்டு. ஊசி பதித்த மட்டையால் ஆட்டக்காரர் அந்தப் படத்தின் மேல் ஓர் அடி அடிப்பார். ஊசி எங்கே துளை போட்டதோ அங்கே குண்டு பட்டது. கப்பலின் எந்தப் பகுதியில் எத்தனை அங்குல இரும்புக் கவசம் இருக்கிறது என்பது படத்திலேயே குறித்திருக்கும். அந்தக் கவசத்தைத் துளைக்கும் வல்லமை சுட்ட பீரங்கிக்கு உண்டா என்று பார்த்து, இயந்திர அறை போனதா, பீரங்கிமேடை போனதா என்று முடிவு செய்வார்கள். ஒரு கப்பலைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகள் இயல்பானவை. கடலில் பெரும்பாலான குண்டுகள் தண்ணீரில்தான் விழும், ஆகவே பட்டதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே குண்டில் கப்பல் மூழ்குவது அரிது, ஆகவே எவ்வளவு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

நியூயார்க் எழுத்தாளர் பிளெட்சர் பிராட் 1930களில் நண்பர்களோடு ஆடி, 1940-இல் புத்தகமாக்கிய கடற்போர் விளையாட்டு இதை எண்ணாகவே மாற்றியது. பீரங்கிகள், கவசத்தின் தடிமன், வேகம், எடை ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டால் அந்தக் கப்பலுக்கு ஒரு மொத்தப் புள்ளி கிடைக்கும். ஆட்டக்காரர்கள் பெரிய கூடத்தின் தரையில் மரக் கப்பல்களை நகர்த்தி, எதிரிக் கப்பலுக்கான தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பார்கள். பிறகு அளவுநாடா பிடித்துப் பார்த்தால் யாருடைய குண்டு பட்டது, யாருடையது தண்ணீரில் விழுந்தது என்று தெரியும். பட்ட குண்டின் பருமனுக்கு ஏற்பப் புள்ளி கழியும். புள்ளி குறையக் குறையக் கப்பலின் பீரங்கிகள் ஒவ்வொன்றாக அடங்கும், வேகமும் தளரும். அடுத்த சுற்று வந்தாலும் ஓட்டை ஓட்டைதான். இந்த நினைவு, அதாவது முந்தைய அடியை அடுத்த சுற்றுக்கும் கணக்கில் வைத்துக்கொள்வது, கப்பல் ஆட்டங்களின் தனிக்குணம்.

தனிமனிதனுக்கு அந்த நினைவு அப்போது இல்லை. 1971-இல் கைடன் கேம்ஸ் வெளியிட்ட ‘செயின்மெயில்’ அதற்குச் சாட்சி. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய இடைக்காலப் போர் விதிகள் அவை. ஆளுக்கு ஆள் மோதும் சண்டைக்கு அதில் ஓர் அட்டவணை இருந்தது. ஒரு பக்கம் ஆயுதங்கள், மறுபக்கம் கவசங்கள், குறுக்கே ஓர் எண். இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டல் அந்த எண்ணை எட்டினால் எதிராளி செத்தான். காயம் என்ற சொல்லுக்கே வேலையில்லை. நூலின் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் டிராகன்களும் வந்தார்கள். கூடவே நான்கு ஆளுக்குச் சமமான வீரனும் வந்தான். அவனைக் கொல்ல ஒரே சுற்றில் நான்கு அடிகள் பட வேண்டும். மூன்று பட்டால்? ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் அவன் புத்தம்புதிதாக நிற்பான். பட்டாளத்தின் விதிக்கு மூன்று அடிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது.

இதற்கிடையே மினசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களில் வேறொரு குழு இயங்கிக்கொண்டிருந்தது. டேவிட் வெஸ்லி பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்த ஒரு பழைய நூல் அவர்களுக்கு வழிகாட்டி. அமெரிக்கப் படை அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்டகோஸ்’ அது. பிரஷ்ய மரபின் அமெரிக்கக் கிளை. நடுவருக்கு முழு அதிகாரம் கொடுக்கும் அதன் போக்கைப் பிடித்துக்கொண்டு வெஸ்லி 1969-இல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரில் ஓர் ஆட்டம் நடத்தினார். படைகளுக்குப் பதிலாக ஊரின் மனிதர்களை, ஆளுக்கு ஒருவராக, ஆட்டக்காரர்களிடம் கொடுத்தார். அங்கே ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். 1971-இல் அவர் தொடங்கிய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் நண்பர்கள் ஒவ்வொருவரும் ஒரே பாத்திரத்தை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு நிலவறைகளுக்குள் இறங்கினார்கள்.

பிளாக்மூரில் சண்டைக்கு ஆர்னசன் முதலில் செயின்மெயிலை எடுத்துப் பார்த்தார். அது ஓடவில்லை. தகரச் சிப்பாய் செத்தால் பெட்டியில் போட்டுவிடலாம். பெயரும் கதையும் சேர்த்து வளர்த்த பாத்திரம் ஓர் உருட்டில் சாவதை யாரும் பொறுக்கவில்லை. அரக்கனை ஒரே வெட்டில் சாய்க்க எல்லோருக்கும் ஆசைதான். அரக்கன் தங்களை ஒரே வெட்டில் சாய்க்கக் கூடாது, அவ்வளவுதான் கோரிக்கை என்று ஆர்னசன் பின்னாளில் நகைச்சுவையாகச் சொன்னதுண்டு. கைவசம் அவரிடம் வேறொரு விதித்தொகுப்பு இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக்கவசக் கப்பல்களுக்காக அவரே எழுதியது. அதில் கப்பலின் கவசத்துக்கு ஒரு தரம், கப்பல் தாங்கும் அடிகளுக்கு ஒரு கணக்கு. இரண்டையும் அப்படியே தூக்கி மனிதனுக்குப் போட்டார். கவசத் தரத்தின் மூலம் எது என்பதில் பிறகு வேறு கருத்துகளும் எழுந்தன. செயின்மெயில் அட்டவணையிலும் கவசங்களுக்கு வரிசை எண் இருந்ததே காரணம். அடிகளின் கணக்கு கப்பலிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. முந்தைய அடியை மறக்காத உடம்பு தனிமனிதனுக்கு அன்றுதான் வாய்த்தது. அது அவனுடைய உடம்பல்ல, கப்பலின் உடம்பு.

1972 இறுதியில் ஆர்னசன் லேக் ஜெனிவாவுக்குப் போய் ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு விதிகளாக எழுதினார். 1974 ஜனவரியில் மூன்று சின்னப் புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள், விலை 10 டாலர். சண்டைக்குச் செயின்மெயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அது சொன்னது. ‘மாற்று முறை’ என்று ஓரமாகக் கொடுத்திருந்த இருபது முகப் பகடை அட்டவணையை ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், முதன்மை முறை காணாமல் போனது. வாசலில் விட்ட செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன மாதிரி, ஒரு விளையாட்டு வகையே அந்த மாற்று முறையைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டது.

மாற்று அட்டவணையில் கவச எண் 9-இலிருந்து 2 வரை. வெறும் உடம்புக்கு 9, முழு உலோகக் கவசத்தோடு கேடயமும் இருந்தால் 2. முதல் தரம், இரண்டாம் தரம் என்று சொல்வதைப் போல எண் குறையக் குறையப் பாதுகாப்பு உயரும். புதிதாகத் தொடங்கும் வீரன் 9-ஐ அடிக்க 10 வேண்டும், 2-ஐ அடிக்க 17 வேண்டும். பட்டுவிட்டால் எந்த ஆயுதமானாலும் சேதம் ஓர் ஆறுமுகப் பகடை. குறுவாளுக்கும் இரண்டு கைகளால் வீசும் பெருவாளுக்கும் அதே ஒன்று முதல் ஆறு.

பார்வைக்கு அபத்தமான இந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சாதாரண ஆளின் உயிரும் ஓர் ஆறுமுகப் பகடைதான். உயிர்ப் பகடைக்கு ஆறு வாய்ப்பு, சேதப் பகடைக்கு ஆறு வாய்ப்பு, ஆக 36 இணைகள். சேதம் உயிருக்குச் சமமாகவோ அதிகமாகவோ வருபவை அவற்றில் 21. நூற்றுக்கு ஏறத்தாழ 58 தடவை ஓர் அடியில் ஓர் ஆள் சாவான். செயின்மெயிலின் ‘ஓர் அடி, ஓர் ஆள்’ என்ற சட்டம்தான் இங்கே இரண்டு பகடைகளுக்குள் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது. நான்கு ஆளுக்குச் சமமான பழைய வீரன் புதிய விதியில் நான்காம் படிநிலை வீரன். அவனுக்கு நான்கு உயிர்ப் பகடைகள். வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் பெரியது: நான்கு அடியும் ஒரே சுற்றில் பட வேண்டியதில்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று பட்டாலும் கணக்கில் சேரும்.

இருபது முகப் பகடையும் அப்போது கடைத்தெருவில் கிடைக்கிற பொருள் அல்ல. வடிவியல் கற்பிக்கும் ஐந்து சீர்திண்மங்களின் வடிவில் பள்ளிக்கூட உபகரணமாக விற்ற பிளாஸ்டிக் பகடைகளை, கலிபோர்னியாவின் கிரியேட்டிவ் பப்ளிகேஷன்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் பார்த்து லேக் ஜெனிவாக்காரர்கள் வரவழைத்தார்கள். தொடக்கக்கால இருபது முகப் பகடையில் 1 முதல் 20 வரை எண்கள் இல்லை. 0 முதல் 9 வரையே இரண்டு தடவை பொறித்திருக்கும். ஒரு பாதி எண்களில் மெழுகு வண்ணக்குச்சியைத் தேய்த்து நிறம் ஏற்றி, அந்த நிறம் விழுந்தால் பத்தைக் கூட்டிக்கொள்வார்கள். மென்மையான பிளாஸ்டிக் ஆனதால் சில மாதங்களில் மூலைகள் மழுங்கி, பகடை கோலிக்குண்டு போல உருண்டு மேசையை விட்டு ஓடும்.

எல்லா ஆயுதமும் சமம் என்பதை ஆட்டக்காரர்கள் நெடுநாள் பொறுக்கவில்லை. கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும் எழுதிய ‘கிரேஹாக்’ துணைநூல் 1975-இல் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடையை மாற்றியது. குறுவாளுக்கு நான்கு முகம், வாளுக்கு எட்டு. உயிர்ப் பகடையும் மாறியது. வீரனுக்கு எட்டு முகம், மந்திரவாதிக்கு நான்கு. சும்மா கிடந்த சீர்திண்மங்கள் எல்லாவற்றுக்கும் வேலை கிடைத்தது. அதே ஆண்டில் வந்த ‘பிளாக்மூர்’ துணைநூல் இன்னும் ஒருபடி போய், அடி தலையில் பட்டதா, காலில் பட்டதா என்று பிரித்துக் கணக்கிட்டது. அதை மிகச் சிலரே ஆடினார்கள்.

படிநிலை ஏற ஏற உயிர்ப்புள்ளி கூடிக்கொண்டே போவதுதான் எல்லோருக்கும் உறுத்தியது. நேற்று ஆறு புள்ளியில் செத்திருக்கக்கூடியவன் இன்று அறுபது புள்ளி தாங்குகிறான். உடம்பு என்ன பத்து மடங்கு பெருத்ததா? 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்குப் பதில் எழுதினார். புள்ளியில் சிறு பங்குதான் தசையும் இரத்தமும். மீதி லாகவம், அனுபவம், அதிர்ஷ்டம், தெய்வத்தின் துணை. தேர்ந்த வீரனுக்கு விழும் பத்துப் புள்ளி சேதம் ஒரு சிராய்ப்பாகவோ மயிரிழையில் தப்பியதாகவோ இருக்கலாம். வாதம் கெட்டிக்காரத்தனமானது, ஓட்டை இல்லாமலும் இல்லை. அடி மயிரிழையில் தப்பியது என்றால் வாளில் தடவிய விஷம் மட்டும் எப்படி உடம்பில் ஏறியது? அதிர்ஷ்டம்தான் குறைந்தது என்றால் காயம் ஆற்றும் மந்திரம் எதை ஆற்றுகிறது? கப்பலுக்குத் தைத்த சட்டையை மனிதனுக்குப் போட்டுவிட்டு, தொங்கும் இடங்களில் எல்லாம் ஊசி குத்துகிற வேலை இது. அதே கையேட்டில் இன்னொரு ஊசியும் உண்டு. ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் எத்தனையோ வீச்சும் தடுப்பும் நடக்கும், பகடை உருட்டுவது பலன் தரக்கூடிய ஒரு வாய்ப்புக்கு மட்டுமே. வில்லாளி விடும் அம்புகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் நிறைவு தரவில்லை.

குறையக் குறைய உயரும் கவச எண்ணுக்கு 1970களின் கடைசியிலிருந்தே ஒரு சுருக்குவழி பழக்கத்தில் இருந்தது. கவச எண் 0 உள்ளவனை அடிக்க என்ன வேண்டும் என்ற ஒற்றை எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்வது. ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைத் தாக்கோ என்றார்கள். தமிழ்க் காதுக்கு அது தாக்கு என்றே கேட்கும்; தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். 1989-இன் இரண்டாம் பதிப்பு இதையே அதிகாரபூர்வ முறையாக்கியது. தாக்கோ 16 உள்ளவன் கவச எண் 4 உள்ளவனை அடிக்க 16-இல் 4 போக 12 வேண்டும். எதிரியின் கவசம் மிக உயர்ந்தது, எண் -2 என்றால் கழித்தல் கூட்டலாகி 18 வேண்டும். இதற்கு மேல், மந்திர வாளின் ‘கூட்டல் ஒன்று’ உருட்டில் கூடும். மந்திரக் கேடயத்தின் ‘கூட்டல் ஒன்று’ கவச எண்ணில் கழியும். கணக்கு கடினமல்ல. நள்ளிரவில், ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது செய்தால்தான் கடினம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த மறு வருஷமே அதற்கு மாற்று தேடுவது ஆரம்பமாகிவிட்டது. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975-இல் வெளியிட்ட ‘டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ ஆறுமுகப் பகடையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளையும் ஒன்றாகச் சுருக்கியது. இரு தரப்பும் தங்கள் பகடைகளை மொத்தமாக உருட்டிக் கூட்ட வேண்டும்; தோற்ற தரப்புக்கு வித்தியாசம் அத்தனையும் சேதம்; கவசம் அதில் கொஞ்சத்தை விழுங்கும். அதே ஆண்டில் எம். ஏ. ஆர். பார்க்கரின் ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த பேராசிரியர் அவர். அந்த ஆட்டத்தில் இருபது விழுந்தால் சேதம் இரட்டிப்பு. மறுபடி உருட்டி அதில் 19-ஓ 20-ஓ வந்தால் எதிரி அங்கேயே முடிந்தான். இன்று எந்த மேசையிலும் இருபது விழுந்ததும் எழும் ஆரவாரத்துக்கு இந்த விதி மூதாதை. கைகாக்ஸ் அதை விரும்பவில்லை. ஆட்டக்காரர்கள் அடிப்பதைவிட அரக்கர்கள் அவர்களை அடிப்பது அதிகம் என்பதால் இரட்டிப்புச் சேதம் கடைசியில் ஆட்டக்காரர்களையே கொல்லும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆரவாரத்துக்கு முன் அது எடுபடவில்லை.

மாற்று முறைகளில் வலுவானது 1978-இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’. அதை எழுதியவர்களில் முதன்மையான ஸ்டீவ் பெர்ரின், 1966-இல் பெர்க்லியில் முளைத்த இடைக்கால மரபுக் கழகத்தின் தொடக்ககால உறுப்பினர். அங்கே வார இறுதிகளில் கவசம் அணிந்து, பிரம்பு வாள்களால் நிஜமாகவே அடித்துக்கொள்வார்கள். கையில் அடி பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். காலில் பட்டால் மண்டியிட்டு மீதிச் சண்டையைப் போட வேண்டும். இப்படிச் சண்டை போட்டவருக்குக் கப்பல் கணக்கு எப்படி ருசிக்கும்? ரூன்குவெஸ்டில் தாக்குபவன் தன் திறமைச் சதவீதத்துக்குள் உருட்ட வேண்டும். தாக்கப்படுபவன் கேடயத்தாலோ வாளாலோ தடுக்க உருட்டலாம். தடுப்பு தவறினால் இருபது முகப் பகடை இடத்தைச் சொல்லும். 1 முதல் 4 வலது கால், 5 முதல் 8 இடது கால், 9 முதல் 11 வயிறு, 12 மார்பு, பிறகு கைகள், 19-உம் 20-உம் தலை. ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்புள்ளி. கவசம் அடியைத் தவறச் செய்யாது. பட்ட அடியில் இவ்வளவைத் தாங்கிக்கொள்ளும். பழைய முறையில் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடந்த ‘தப்புவது’, ‘தாங்குவது’ என்ற இரண்டும் இங்கேதான் தெளிவாகப் பிரிந்தன. விலை இல்லாமலும் இல்லை. தொண்ணூறு சதவீதத் திறமையுள்ள இருவர் மோதினால் இவன் அடிக்க, அவன் தடுக்க, அவன் அடிக்க, இவன் தடுக்க என்று யாராவது ஒருவருடைய பகடை சறுக்கும்வரை சண்டை நீளும்.

மார்க் மில்லரின் ‘டிராவலர்’ (1977) தனிப்புள்ளியையே வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குண்டு பட்டது. சேதம் பாத்திரத்தின் வலிமை, லாகவம், தாங்குதிறன் ஆகிய பண்புகளிலிருந்தே நேராகக் கழியும். முதல் காயம் முழுவதும் ஏதோ ஒரு பண்பின் மேல் விழும். ஒன்று பூஜ்யமானால் மயக்கம், மூன்றும் பூஜ்யமானால் சாவு. துப்பாக்கிக்குப் பயப்பட வைத்த ஆட்டம் இது என்று சொல்லலாம்.

எதிர்த்திசையில் கடைசிவரை போனது ‘ஆர்ம்ஸ் லா’ (1980). பின்னாளில் ‘ரோல்மாஸ்டர்’ என்ற பெருந்தொகுப்பின் பகுதியானது. ஆயுதத்துக்கு ஒரு முழுப்பக்க அட்டவணை. பக்கத்தின் குறுக்கே இருபது வகைக் கவசங்கள். நூற்றுக்கு உருட்டிய எண்ணோடு திறமையைக் கூட்டி, எதிரியின் தற்காப்பைக் கழித்து, வரிசையும் நிரலும் சந்திக்கும் கட்டத்தைப் பார்த்தால் பட்டதா, எவ்வளவு என்ற இரண்டுக்கும் ஒரே உருட்டில் பதில் கிடைக்கும். அடி பலமானது என்றால் எண்ணோடு ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்துக்கு வெட்டு, குத்து, நசுக்கு என்று வேறு அட்டவணைகள். எந்த எலும்பு, எந்த நரம்பு, எத்தனை சுற்று இரத்தம் ஒழுகும், எப்போது சாவான் என்று அங்கே விவரமாக எழுதியிருக்கும். பல மேசைகளில் அந்த வரிகளை உரக்க வாசிப்பதற்காகவே சண்டை நடந்தது. ‘சார்ட்மாஸ்டர்’ என்ற கேலிப்பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

இதற்குப் பிறகு கதைக்கேற்ற கணக்கு என்ற எண்ணம் தலையெடுத்தது. மீவீரர்கள் அடிபட்டுச் சுவரில் மோதி விழுவார்கள், சாக மாட்டார்கள். ஆகவே ‘சாம்பியன்ஸ்’ (1981) மயக்கத்துக்கு ஒரு கணக்கும் உடம்புக்கு ஒரு கணக்கும் தனித்தனியே வைத்தது. அதே ஆண்டின் ‘கால் ஆஃப் கதுல்ஹு’ மனத்தெளிவையும் புள்ளியாக்கி, பயங்கரத்தைப் பார்த்தாலே கழித்தது. 1983-இல் பிரிட்டனில் வந்த போர் விளையாட்டான ‘வார்ஹாமர்’ பட்டதா, காயமானதா என்று தாக்குபவன் இரண்டு தடவை உருட்டிய பிறகு, கவசம் காத்ததா என்ற மூன்றாவது உருட்டைத் தாக்கப்பட்டவன் கையில் கொடுத்தது. கணிதப்படி தேவையில்லாத உருட்டு அது. தன் சிப்பாயின் உயிர் தன் கையில் என்ற பதைப்பைக் கணிதம் தராது. 1991-இன் ‘வாம்பயர்’ எண்ணையே எடுத்துவிட்டு ஏழு காயநிலைகளை வைத்தது. நிலை இறங்க இறங்க உருட்டும் பகடைகள் குறையும். காயம் பட்டவன் மோசமாகச் சண்டையிடுவதால் மேலும் காயம் படுவான். முதல் அடி வாங்கியவன் தோற்பது பெரும்பாலும் உறுதி. நிஜத்துக்கு நெருக்கம், ஆட்டத்துக்குச் சுமை. கடைசி மூச்சுவரை சமபலத்தோடு நிற்கும் கப்பல் கணக்கு ஏன் சாகாமல் இருக்கிறது என்பதற்கு இந்தச் சறுக்கல் ஒரு விடை.

கணினியும் அந்தக் கணக்கின் பக்கமே நின்றது. 1981-இன் ‘விசார்ட்ரி’ குறையக் குறைய உயரும் கவச எண் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. கழித்தலில் இயந்திரம் களைப்பதில்லை. திரையின் மூலையில் சுருங்கும் ஹெல்த் பார் அதன் வாரிசு.

2000-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு தாக்கோவைக் கழித்துக்கட்டியது. கவச எண் 10-இல் தொடங்கி மேலே ஏறும். உருட்டு, அதோடு கூட்டல், எட்டினால் பட்டது. பழைய 4 இப்போது 16; தாக்கோ 16 இப்போது ‘கூட்டல் 4’; தேவைப்படுவது அதே 12. சதவீதத்தில் மாற்றமே இல்லை, கழித்தல் கூட்டலாக மாறியது மட்டும்தான். கால் நூற்றாண்டுத் தலைவலிக்கு அது போதுமானதாக இருந்தது. 2008-இன் நான்காம் பதிப்பு சில தாக்குதல்களுக்கு, தவறினாலும் பாதிச் சேதம் என்றது. 2014-இன் ஐந்தாம் பதிப்பு பூஜ்யத்தில் விழுந்தவனுக்குச் சுற்றுக்கு ஓர் உருட்டு கொடுத்தது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் போகும். 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு எழுந்து நிற்பான்.

அதே 2014-இல் பிரிட்டனின் கிறிஸ் மெக்டவல் வெளியிட்ட ‘இன்டு தி ஆட்’ என்ற மெல்லிய நூல் முதல் கேள்வியையே நீக்கிவிட்டது. அதில் தாக்குதல் தவறுவதில்லை. சேதப் பகடையை நேராக உருட்டி, கவசத்தின் எண்ணைக் கழித்து, மீதியை எழுத வேண்டும். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய பிரஷ்ய நடுவர் செய்தது இதுவேதான். ஹிட் பாயிண்ட் என்ற பெயரும் அதில் இல்லை. ஹிட் புரொடெக்ஷன் என்று மாற்றி, அது தீரும்வரை உடம்பில் எதுவும் படவில்லை, சில நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் முழுவதும் திரும்பிவிடும் என்று வைத்தார். அது தீர்ந்த பிறகு விழும் சேதம் வலிமையில் கழியும். அப்படிக் கழியும் ஒவ்வொரு முறையும் மிச்சமுள்ள வலிமைக்குள் உருட்ட வேண்டும். தவறினால் ஆள் எழுந்திருக்க மாட்டான்.